மலாக்கா நீரிணை முதல் தைவான் வரை: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனில் எங்கள் தமிழ் வாசகர் வட்டம் கூடும்போதெல்லாம், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் உலக நடப்பில் வந்து நிற்கும். பட்டர்வொர்த்தில் கப்பல் சரக்கு முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன் என்பதால் கேள்விகளும் என் பக்கமே திரும்பும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தகவல்கள் 2025 இறுதி வரையிலானவை. கருத்துகள் என்னுடையவை, வட்டத்தில் பாதிப் பேர் அவற்றை ஒப்புக்கொள்வதில்லை.

உலகத்தில் எத்தனையோ இடங்களில் சண்டை நடக்கிறது. சிலவற்றை மட்டும் ‘பதற்ற முனை’ என்று தனியே சொல்வது ஏன்?

சண்டையின் கொடுமைக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. சூடானில் 2023 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை இழந்தார்கள். உலகச் சந்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் செங்கடலில் ஒரு கப்பலைக் கடத்தி, மேலும் சில கப்பல்கள்மீது ஏவுகணை வீசியதும் லண்டன் முதல் ஷாங்காய் வரை அலறினார்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டுப் போக எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும்? சுற்றுவழி மலிவாக இருந்தால் அது வெறும் தகராறு. சுற்றுவழியே இல்லையென்றால், அங்கே யாராவது முறைத்தாலே உலகத்துக்குக் காய்ச்சல் வரும். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்த அளவுகோலைத்தான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

மலாக்கா நீரிணைக்கு இத்தனை மவுசு எதனால்?

நீளம் சுமார் 800 கிலோமீட்டர். வடக்கே அந்தமான் கடலைப் பார்த்து வாய் அகன்றிருக்கும். தெற்கே போகப் போகக் குறுகி, சிங்கப்பூரை அடுத்த பிலிப்ஸ் கால்வாயில் கப்பல் செல்லும் வழி மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகிவிடும். பினாங்கு அந்த அகன்ற வாயின் பக்கம் இருக்கிறது. பாடாங் கோத்தா கடற்கரையில் நின்று பார்க்கும்போது தெரியும் கப்பல்கள் பெரும்பாலும் நம் துறைமுகத்துக்கு வந்து போகிறவை. ஜப்பானுக்கும் சீனாவுக்கும் எண்ணெய் கொண்டுபோகும் ராட்சதக் கப்பல்கள் கண்ணுக்கெட்டாத தொலைவில், சுமத்ரா பக்கமாகப் போகின்றன.

குறுகலைவிட ஆழக்குறைவுதான் மாலுமிகளுக்குப் பெரிய தொல்லை. சிலாங்கூருக்கு அப்பால் ‘ஒன் ஃபேதம் பேங்க்’ என்ற பகுதி முழுவதும் மணல்திட்டுகள். கப்பலின் அடிப்பாகத்துக்கும் கடலடிக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருக்கவேண்டும் என்பது விதி. நிறைசுமையோடு வரும் பெரிய எண்ணெய்க் கப்பல் 20 மீட்டர் அளவுக்கு நீரில் அமிழ்ந்திருக்கும். அதனால் ஓதம் ஏறும் நேரம் பார்த்து அவ்விடத்தைக் கடக்கிறார்கள். 1975 ஜனவரியில் ‘ஷோவா மாரு’ என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் அருகே தரைதட்டிக் கடலெல்லாம் எண்ணெயான பிறகுதான் இந்த விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டன.

ஆண்டுக்கு 90,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் இவ்வழியே போகின்றன. எண்ணெய் மட்டுமே 2023இல் நாளொன்றுக்கு 2 கோடியே 30 இலட்சம் பீப்பாய் அளவில் இருந்தது.

இனி அளவுகோலுக்கு வருவோம். மலாக்காவுக்குச் சுற்றுவழி உண்டு. சுண்டா நீரிணை பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதாது. ஆனால் பாலிக்குக் கிழக்கே உள்ள லொம்பொக் நீரிணை நல்ல ஆழம். பாரசீக வளைகுடாவிலிருந்து ஜப்பான் போகிறவர்களுக்கு அது மூன்று நான்கு நாள் கூடுதல். செலவுதான், செத்துப்போகும் செலவில்லை. அதனால்தான் ‘மலாக்கா மூடினால் உலகம் நின்றுவிடும்’ என்ற பேச்சை நான் முழுதாக நம்புவதில்லை. நிற்கப்போவது நாம்தான். கிள்ளான் துறைமுகம் 2024இல் இருபதடிக் கணக்கில் 1 கோடியே 46 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. கப்பல் வேறு வழியில் போய்விடும். துறைமுகம் எங்கே போகும்?

இந்த நீரிணையை யாராவது மூட முடியுமா? சீனா இதற்குப் பயப்படுகிறதாமே?

2003இல் அப்போதைய சீன அதிபர் ஹூ சிந்தாவ், தம் நாட்டின் எண்ணெய் இந்த ஒரு வழியை நம்பி இருப்பதைப் பெரிய சிக்கலாகக் குறிப்பிட்டார். ‘மலாக்கா சிக்கல்’ என்ற பெயர் அப்போதிருந்து நிலைத்துவிட்டது. அவர்கள் பயப்படுவது மலேசியாவையோ இந்தோனேசியாவையோ அல்ல. தைவானில் போர் மூண்டால் அமெரிக்கக் கடற்படை எங்கோ தொலைவில் நின்றுகொண்டே தங்கள் எண்ணெய்க் கப்பல்களைத் தடுக்கலாம் என்பதே கவலை.

அதற்காகச் செய்த ஏற்பாடுகள் பல. மியன்மாரின் சௌக்பியூ துறைமுகத்திலிருந்து யுன்னானுக்கு எரிவாயுக் குழாய் 2013இலும் எண்ணெய்க் குழாய் 2017இலும் ஓடத் தொடங்கின. கசக்ஸ்தானிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் தரைவழிக் குழாய்கள் வருகின்றன. எல்லாம் சேர்ந்தும் கடல்வழிக்கு ஈடாகவில்லை. நடைமுறையில் ஒன்றைக் கவனியுங்கள்: சீனாவின் எண்ணெயை மட்டும் சல்லடை போட்டுப் பிடிப்பது நடவாத காரியம். ஒரு கப்பல் ஒரு நாட்டுக் கொடியில், இன்னொரு நாட்டு முதலாளியோடு, நடுக்கடலிலேயே கைமாறும் சரக்கோடு போகும். ஜப்பானும் கொரியாவும் இதே வழியை நம்பி இருக்கின்றன. தடுப்பவருக்கும் வலிக்கும் வழி இது. அந்த வலிதான் இதற்கு இதுநாள்வரை காவல்.

எகிப்து சூயஸில் கட்டணம் வாங்குகிறதே, நாம் ஏன் மலாக்காவில் வாங்கக் கூடாது?

சூயஸ் மனிதர் வெட்டிய கால்வாய், முழுக்க எகிப்தின் மண்ணில் இருக்கிறது. நீரிணை இயற்கையானது. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின்படி எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் இங்கே தடையின்றிக் கடந்து செல்லும் உரிமை உண்டு. கரையோர நாடுகள் அதை நிறுத்திவைக்க முடியாது, வெறுமனே கடந்து போனதற்காகக் கட்டணமும் கேட்க முடியாது. மலேசியா 1996இல் அதை ஏற்றுக் கையெழுத்து உறுதி செய்தது. அதற்கு முன், 1971 நவம்பரில், இது அனைத்துலக நீரிணை அல்ல என்று மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து அறிவித்துப் பார்த்தன. சிங்கப்பூர் ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துகொண்டது. துறைமுகத்தில் பிழைக்கும் ஊர் வேறென்ன சொல்லும்?

கலங்கரை விளக்கங்களையும் மிதவைகளையும் பராமரிக்கும் செலவுக்குப் பயனாளி நாடுகள் விரும்பிப் பணம் தருவதற்கென ஒரு நிதி இருக்கிறது. ஜப்பான் 1960களின் இறுதியிலிருந்தே கொடுத்து வருகிறது. மற்றவர்கள் கைவிரிப்பதில் நிபுணர்கள்.

கடற்கொள்ளை ஓய்ந்துவிட்டதா?

முழுவதும் ஓயவில்லை. இப்போது நடப்பவற்றில் பெரும்பாலானவை சிங்கப்பூர் நீரிணைப் பக்கம் இரவில் கப்பலேறி இயந்திர உதிரிபாகங்களைத் திருடும் சில்லறை வேலைகள். ஆனால் 2005ஆம் ஆண்டை எங்கள் தொழிலில் யாரும் மறக்கமாட்டார்கள். அந்த ஜூன் மாதம் லண்டன் காப்புறுதிச் சந்தையின் போர் அபாயக் குழு, மலாக்கா நீரிணையைப் போர் நடக்கும் இடங்களின் பட்டியலில் ஈராக்கோடு சேர்த்துவிட்டது. இங்கே ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. இருந்தும் பட்டியலில் பெயர் ஏறினால் ஒவ்வொரு பயணத்துக்கும் காப்புறுதிக்காரர் கூடுதல் தொகை கேட்கலாம்.

மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் கடற்படைகளும் 2004இலேயே கூட்டு ரோந்தைத் தொடங்கியிருந்தன. 2005 செப்டம்பரில் வான்வழிக் கண்காணிப்பும் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். தாய்லாந்து 2008இல் ரோந்தில் இணைந்தது. நம் நாட்டு அதிகாரிகளைப் பல ஆண்டுகளாக அசைக்க முடியாத கொள்ளையர்களால் முடியாததை, லண்டனில் மேசையைச் சுற்றி உட்கார்ந்த சிலர் ஒரு தாளில் சாதித்தார்கள் என்பது என் கருத்து. கடற்கொள்ளைச் சம்பவங்களைத் தொகுக்கும் அனைத்துலகக் கடல்சார் பணியகத்தின் மையம் 1992 முதல் கோலாலம்பூரில்தான் இருக்கிறது. அதன் வரைபடம் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கிறது.

பினாங்கு எப்போதாவது போரில் அடிபட்டிருக்கிறதா?

இரண்டு உலகப் போர்களிலும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிவதற்காகப் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டியிருந்தது. நங்கூரமிட்டிருந்த ருஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக் சில நிமிடங்களில் மூழ்கியது. அதன் தலைவர் அன்றிரவு கரையில் இருந்தார். வெளியே எதிர்ப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயும் தப்பவில்லை. ருஷ்ய மாலுமிகளின் நினைவிடம் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்டன. வானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடியிருந்த மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். சில நாள்களில் பிரிட்டிஷ்காரர்கள் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. ஊரைக் காக்க ஆளில்லாத அந்த நாள்களில் குழு அமைத்து ஒழுங்கைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அதன் பிறகு பினாங்கு நீர்மூழ்கித் தளமாயிற்று. ஜப்பானியருடையவை மட்டுமல்ல, 1943 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் இங்கே வந்து தங்கின. ஜெர்மனியிலிருந்து வந்த நேதாஜியை நடுக்கடலில் ஏற்றிக்கொண்ட ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி, 1943 ஏப்ரலில் புறப்பட்டது பினாங்கிலிருந்துதான். அகன்ற வாயில் உட்கார்ந்திருக்கும் தீவை எந்தக் கடற்படையும் சும்மா விடுவதில்லை.

பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் ஏன் இருக்கிறார்கள்?

1971இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை செய்துகொண்ட ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு காரணம். பிரிட்டன் இந்த வட்டாரத்திலிருந்து படைகளை விலக்கிக்கொண்ட நேரம் அது. தளம் 1958 முதல் ஆஸ்திரேலிய ஆகாயப்படையின் கையில் இருந்தது. 1988இல் நம்மிடம் வந்தது. இப்போது அது மலேசியத் தளம். ஐந்து நாடுகளின் கூட்டு வான்காப்புத் தலைமையகம் அங்கே இருக்கிறது; அதற்குத் தலைமை ஏற்பவர் ஆஸ்திரேலிய அதிகாரி. ஆஸ்திரேலியக் கண்காணிப்பு விமானங்கள் 1980 முதல் அங்கிருந்து பறந்து இந்தியப் பெருங்கடலின் வடபகுதியையும் தென்சீனக் கடலையும் பார்த்துவிட்டு வருகின்றன.

மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் மற்றவர்கள் கட்டாயம் போருக்கு வருவார்களா என்றால், இல்லை. ‘உடனே கலந்தாலோசிப்பார்கள்’ என்பதோடு உடன்பாடு நின்றுவிடுகிறது. இதைப் பலவீனம் என்று சிலர் சிரிக்கிறார்கள். இவ்வளவு தளர்வாக இருப்பதால்தான் அரை நூற்றாண்டாக யாரையும் எரிச்சலூட்டாமல் நீடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்சீனக் கடல் தகராறு பிலிப்பீன்சுக்கும் சீனாவுக்கும் இடையேதானே? நமக்கென்ன?

செய்தியில் தண்ணீர் பீய்ச்சும் காட்சிகள் பிலிப்பீன்சிலிருந்து வருவதால் அப்படித் தெரிகிறது. 2009 மே மாதம் சீனா, இந்தக் கடலின் பெரும்பகுதியைத் தனதென்று காட்டும் கோடுகள் போட்ட வரைபடத்தை ஐ.நா.விடம் நீட்டியதே, மலேசியாவும் வியட்நாமும் சேர்ந்து கடலடி உரிமை கேட்டு மனுக் கொடுத்ததற்கு மறுநாள். அந்தக் கோட்டுக்குள் சரவாக் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் பெத்திங் செருப்பாயும் வருகிறது. அது தீவே அல்ல. கடல்மட்டத்துக்கு 22 மீட்டர் கீழே கிடக்கும் திட்டு. தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஒன்றைத் தன் நாட்டின் தென்கோடி என்று சீனப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2016 ஜூலை 12 அன்று ஹேக் நகரில் அமைந்த நடுவர் மன்றம், அந்தக் கோட்டுக்குள் இருக்கும் வளங்களுக்கு வரலாற்று உரிமை கொண்டாடச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. சீனா ஏற்கவில்லை.

மலேசியாவின் உண்மையான கவலை எரிவாயு. பிந்துலுவில் திரவமாக்கி ஏற்றுமதி செய்யும் எரிவாயு அந்தக் கடலுக்கு அடியிலிருந்துதான் வருகிறது. அருகே உள்ள பெத்திங் பத்திங்கி அலி பகுதியில் 2013 முதல் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் மாறி மாறி நிற்கின்றன. 2020இல் ‘வெஸ்ட் கேப்பெல்லா’ என்ற துளையிடும் கப்பலைச் சுற்றிச் சீன, அமெரிக்க, ஆஸ்திரேலியப் போர்க்கப்பல்கள் எல்லாம் கூடிவிட்டன. 2021 மே 31 அன்று 16 சீன இராணுவச் சரக்கு விமானங்கள் சரவாக்கை நெருங்கிப் பறந்தன; லாபுவானிலிருந்து நம் ஹாக் விமானங்கள் எழும்பிப் போய்ப் பார்த்தன.

நாமும் கைகட்டி நிற்கவில்லை. லாயாங்-லாயாங் என்ற பவளத்திட்டில் 1983 முதல் நம் படை இருக்கிறது. இப்போது அங்கே ஓடுபாதையும் முக்குளிப்போருக்கான விடுதியும் உண்டு.

இந்தக் கடலுக்குச் சுற்றுவழி உண்டா? கப்பலுக்கு உண்டு, பிலிப்பீன்சுக்குக் கிழக்கே போகலாம். கடலுக்கு அடியில் கிடக்கும் எரிவாயு இடம் மாறாது. வியட்நாமும் பிலிப்பீன்சும் நாமும் இதில் சிக்கியிருப்பது அதனால்தான்.

அப்படியானால் மலேசியா ஏன் உரக்கப் பேசுவதில்லை? பயமா?

2009 முதல் நம் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி சீனா. சண்டை போட நம்மிடம் என்ன இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். இரண்டு நீர்மூழ்கிகள் சபாவில் இருக்கின்றன. கரையோரப் போர்க்கப்பல் திட்டம் ஆறு கப்பல்களில் தொடங்கி, ஐந்தாகச் சுருங்கி, 2019இல் வரவேண்டிய முதல் கப்பல் இன்னும் சேவைக்கு வரவில்லை. இப்படி இருக்கும்போது மேடையில் தொண்டை கிழியக் கத்துவதால் யாருக்கு லாபம்?

மலேசியா செய்வது வேறு. துளையிடும் வேலையை நிறுத்துவதில்லை. 2024 செப்டம்பரில் விளாடிவொஸ்டோக்கில் பிரதமர் அன்வார், நம் கடற்பகுதியில் எண்ணெய் தேடுவதை நிறுத்தமாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். காரியம் நடக்கிறது, கூச்சல் இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு: நாம் அமைதியாக இருப்பதைச் சம்மதமாக எழுதிக்கொள்ளும் ஆள்கள் இருக்கிறார்கள். எதிர்ப்புக் கடிதங்களையாவது நாட்டு மக்கள் பார்க்கும்படி வெளியிடலாம்.

செங்கடலில் நடந்ததற்கும் பினாங்கில் விலை ஏறியதற்கும் என்ன தொடர்பு?

இதை என் மேசையில் வந்த காகிதத்தை வைத்தே சொல்கிறேன். 2024 தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் போன ரப்பர் கையுறைச் சரக்குகளின் கட்டணப் பட்டியலில், கடல் கட்டணத்துக்குக் கீழே இரண்டு புது வரிகள் முளைத்தன. ஒன்று போர் அபாயக் கூடுதல் கட்டணம். இன்னொன்று வழிமாற்றக் கூடுதல் கட்டணம். சரக்கு அதே சரக்கு, பெட்டி அதே பெட்டி. வாடிக்கையாளர் தொலைபேசியில் என்னைத் திட்டினார். ஏமனில் இருப்பவர்களைத் திட்ட அவருக்கு வழியில்லை.

கணக்கு இதுதான். ஏமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் தாக்கத் தொடங்கும் முன் செங்கடலைக் கடக்கும் கப்பலுக்குப் போர் அபாயக் காப்புறுதி, கப்பல் மதிப்பில் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. தாக்குதல் உச்சத்தில் இருந்தபோது 1 விழுக்காட்டை எட்டியது. பத்துக் கோடி டாலர் கப்பல் என்றால் ஒரே தடவை கடக்கப் பத்து இலட்சம் டாலர். அதைக் கொடுப்பதைவிட ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகலாம் என்று பெரிய நிறுவனங்கள் முடிவு செய்தன. நன்னம்பிக்கை முனை வழியாகப் போனால் பத்து முதல் பதினான்கு நாள் கூடுதல். நாள் கூடினால் அதே சரக்குக்கு அதிகக் கப்பல் வேண்டும். காலிப் பெட்டி திரும்பி வர நாளாகும். வட பட்டர்வொர்த் முனையத்தில் பெட்டி கிடைக்காமல் ஏற்றுமதியாளர்கள் தவித்தது அதனால்தான். அதே வேளையில் எகிப்தின் சூயஸ் கால்வாய் வருமானம் 2023இல் 1,000 கோடி டாலர் அளவில் இருந்தது, 2024இல் 400 கோடிக்கு வந்துவிட்டது.

எல்லா விலை ஏற்றத்தையும் செங்கடல் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023இல் அரிசி விலை ஏறியதற்குக் காரணம் அந்த ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த டிசம்பரில் வெங்காயம் ஏறியதும் இந்தியத் தடையால். சென்னையிலிருந்து பினாங்கு வரும் வெங்காயம் செங்கடல் பக்கமே போவதில்லை. லிட்டில் இந்தியாவில் யாராவது அப்படிச் சொன்னால் வரைபடத்தைக் காட்டுங்கள்.

ஹோர்முஸ் நீரிணையில் தகராறு வந்தால் இங்கே பெட்ரோல் விலை ஏறுமா?

பாரசீக வளைகுடாவின் வாயில் இருக்கும் இந்த நீரிணை, மிகக் குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். 2024இல் இவ்வழியே போனது நாளொன்றுக்கு 2 கோடி பீப்பாய் எண்ணெய், அதாவது உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி ஆசியாவுக்கு. சவூதியும் ஐக்கிய அரபு சிற்றரசுகளும் குழாய் வைத்திருந்தாலும் அவை ஒரு பகுதியைத்தான் தாங்கும். கத்தாரின் எரிவாயுவுக்கு வேறு வழியே கிடையாது. என் அளவுகோலில் இதுதான் முதலிடம்.

நம் நிலையத்தில் என்ன நடக்கும் என்பது வேறு. 2025 செப்டம்பர் 30 முதல் தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட். உலக விலை ஏறினால் முதல் அடி உங்கள் பணப்பையில் விழாது, அரசின் உதவித்தொகைக் கணக்கில் விழும். அது வேறு வாசல் வழியாகப் பிறகு வரும். மலேசியா எண்ணெய் எடுக்கும் நாடுதான்; ஆனால் எரிக்கும் அளவுக்கு எடுப்பதில்லை.

ஜொகூர் கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றுகிறார்களாமே?

ஆம். சீனச் சுங்கத்துறைக் கணக்கில் ஈரான் எண்ணெய் என்று ஒரு துளிகூட இல்லை. மலேசிய எண்ணெய் என்று 2024இல் வந்து இறங்கியதோ, நாம் தோண்டி எடுப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். புரிகிறதல்லவா? தடைக்கு உள்ளான எண்ணெயைப் பழைய கப்பல்களில் கொண்டுவந்து, நம் கடலோரத்தில் நடுக்கடலில் மாற்றி, புதுப் பெயர் சூட்டி அனுப்புகிறார்கள். அமெரிக்கத் தடைக்கான சுற்றுவழி நம் வாசலில் இருக்கிறது என்று பொருள். 2024 ஜூலையில் ‘செரெஸ் 1’ என்ற கப்பல், ‘ஹாஃப்னியா நைல்’ கப்பலோடு மோதித் தீப்பிடித்தது அந்தப் பகுதியில்தான். கடற்கரை கறுத்தால் துடைக்கவேண்டியவர்கள் ஜொகூர் மீனவர்கள். 2025இல் அரசு கெடுபிடியைக் கூட்டியது, தாமதமாக.

தைவானில் போர் வந்தால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் என்ன ஆகும்?

வட்டத்தில் அதிகம் கேட்கப்படுவது இதுவே. பாதி வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் வேலை செய்கிறார்கள். 1972இல் சுதந்திர வணிக வட்டாரமாகத் தொடங்கி, இன்டெல் உள்ளிட்ட எட்டு நிறுவனங்களோடு வளர்ந்த இடம். இன்று உலகின் கணினிச் சில்லுகளை (சிப்) உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் மலேசியாவின் பங்கு சுமார் 13 விழுக்காடு. அதில் பெரும்பகுதி பினாங்கில்.

நாம் செய்வது கடைசிக் கட்ட வேலை. சிலிக்கான் தட்டு வேறெங்கோ அச்சாகி வருகிறது. அதை அறுத்து, கம்பி கட்டி, உறையிட்டு, சோதித்து அனுப்புகிறோம். மிக நுண்மையான தட்டுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு தைவானில் அச்சாகிறது. அது நின்றால், சில வாரங்களில் இங்கே சில வரிசைகளுக்கு அறுக்கத் தட்டு இருக்காது. ‘தைவானில் போர் வந்தால் எல்லாத் தொழிற்சாலையும் பினாங்குக்கு ஓடி வரும்’ என்று குதிப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் அரிசோனாவில் ஆலை கட்டப்போவதாக 2020 மே மாதம் அறிவித்தது. உற்பத்தி தொடங்கியது 2024 இறுதியில். இதற்குச் சுற்றுவழி நாள் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கில்.

போர் வராமலேயே பினாங்கு ஏற்கெனவே நெருக்கடிக்குள் இருக்கிறது. 2022 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்கு உயர்ரகச் சில்லுகளைத் தடுத்தது. மலேசியா வழியாக அவை கசிகின்றன என்ற புகார் எழுந்ததும், 2025 ஜூலையில் நம் அரசு அமெரிக்கச் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை ஏற்றுமதி செய்யவோ மாற்றி அனுப்பவோ அனுமதி கட்டாயம் என்றது. இரு பக்கத்து முதலாளிகளும் இங்கே பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் ஆலை வைத்திருக்கிறார்கள். அதனால் வேலை பெருகியது உண்மை. ஒரு நாள் ‘யார் பக்கம்?’ என்று கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு நம்மிடம் பதில் தயாராக இல்லை என்பதும் உண்மை.

உக்ரைன் போர் இங்கிருந்து வெகுதூரம் அல்லவா?

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 விமானத்தில் இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். அங்கே 32,000 அடிக்குக் கீழேதான் வான்வெளி மூடப்பட்டிருந்தது. விமானம் 33,000 அடியில் பறந்தது. அன்று அதே வான்வழியில் 160 பயணிகள் விமானங்கள் போயிருக்கின்றன. சுற்றிப் போனால் எரிபொருள் கூடும் என்பதால் எல்லாரும் நேர்வழியில் போனார்கள். மூடவேண்டியவர்கள் மூடவில்லை. 2025 மே மாதம் அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பின் மன்றம், பொறுப்பு ருஷ்யாவுடையது என்று முடிவு செய்தது.

2022 ஜூனில் கோழி ஏற்றுமதியை மலேசியா நிறுத்தியதும் நினைவிருக்கும். தீவனச் சோளம், சோயா விலை எகிறியதில் அந்தப் போருக்கும் பங்கு உண்டு.

இந்தியா அந்தமானில் படை குவிப்பது நம்மை நோக்கியா?

நீரிணையின் வாயை நோக்கி. முப்படைகளின் கூட்டுக் கட்டளையகம் 2001 முதல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிறது. பெரிய நிக்கோபாரில் ‘ஐஎன்எஸ் பாஸ்’ கடற்படை விமானத் தளம் 2012இல் திறக்கப்பட்டது. அத்தீவின் தென்முனையிலிருந்து சுமத்ரா 200 கிலோமீட்டருக்கும் குறைவு. கலாத்தியா விரிகுடாவில் பெரிய கொள்கலன் துறைமுகம் கட்டும் திட்டமும் இருக்கிறது. அங்கே வாழும் ஷோம்பென் பழங்குடியினரையும் முட்டையிட வரும் தோல்முதுகு ஆமைகளையும் பற்றிக் கேட்பவர்களுக்கு டில்லி சரியான பதில் தரவில்லை. துறைமுகம் வந்தால் கிள்ளானுக்குப் போட்டிதான். படைத்தளத்தால் நமக்கு இப்போதைக்கு அச்சமில்லை.

தாய்லாந்து கிரா கால்வாய் வெட்டினால் பினாங்கு சிங்கப்பூர் ஆகிவிடுமா?

இந்தக் கால்வாய் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வெட்டப்படுகிறது, காகிதத்தில். இப்போது பேசப்படுவது ரனோங்கையும் சும்போனையும் இணைக்கும் தரைப்பாலத் திட்டம். பெட்டியை ஒரு கரையில் இறக்கி, ரயிலில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் கப்பலேற்றுவது. இரண்டு தடவை கையாளும் செலவில் மிச்சமாகும் ஒன்றிரண்டு நாளும் கரைந்துவிடும். உண்மையில் பினாங்குக்குப் பாதிப்பு வருமானால் அது வேறு விதம்: தென்தாய்லாந்தின் ரப்பர் சரக்கு பாடாங் பெசார் வழியாக ரயிலில் நம்மிடம் வருகிறது. அவர்களுக்கு ஒழுங்கான துறைமுகம் அமைந்தால் அது நின்றுவிடும்.

என் மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். போர் நடக்கும் கடலுக்குப் போகச் சொன்னால் மறுக்கலாமா?

செபராங் பிறையிலிருந்து வரும் ஓர் அக்கா கேட்டது. இதை யாரும் கட்டுரையில் எழுதுவதில்லை. 2024 மார்ச்சில் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலில் மூன்று மாலுமிகள் ஏவுகணைக்கு இரையானார்கள். ‘கேலக்ஸி லீடர்’ கப்பலின் 25 பேர் 2025 ஜனவரி வரை ஏமனில் பிணையாக இருந்தார்கள். கப்பல் முதலாளிகளுக்கும் மாலுமிகள் சங்கங்களுக்கும் இடையிலான அனைத்துலக ஒப்பந்தம் உள்ள கப்பல்களில், ‘போர்ச் சூழல் பகுதி’ என்று அறிவிக்கப்பட்ட கடலுக்குள் போக மாலுமி மறுக்கலாம். நிறுவனம் தன் செலவில் ஊருக்கு அனுப்பவேண்டும், அதற்காக வேலையைப் பறிக்கக் கூடாது. போகச் சம்மதித்தால் அந்த நாள்களுக்கு இரட்டை அடிப்படைச் சம்பளம். உயிரிழப்புக்கும் ஊனத்துக்கும் இழப்பீடும் இரட்டிப்பு. அந்த ஒப்பந்தம் எல்லாக் கப்பல்களுக்கும் கிடையாது. தம்பியின் வேலை ஒப்பந்தத்தில் கூட்டு ஒப்பந்தம் என்ற பகுதி இருக்கிறதா, எந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், கப்பல் ஏறும் முன் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள் அக்கா. கடலுக்குள் போன பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.